விருதுக் குழு கடைசி வரிசையில் வந்து உட்காரட்டும்

ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று டெல்லி விஞ்ஞான் பவனில் குடியரசுத் தலைவர் கையால் தேசிய நல்லாசிரியர் விருது வழங்கப்படுகிறது. சான்றிதழ், வெள்ளிப் பதக்கம், 50,000 ரூபாய். அன்று மாலைக்குள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் வந்து குவிந்துவிடும். ஸ்மார்ட் போர்டுக்கு முன்னால் நிற்கும் ஆசிரியர், கியூஆர் கோடு ஒட்டிய சுவர், சீருடையில் வரிசையாக நின்று சிரிக்கும் பிள்ளைகள். மொழியைப் புதுமையாகக் கற்பித்தார் என்று கீழே ஒரு வரி இருக்கும்.

விருது பெறுகிறவர்கள் மீது எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர்களில் பலர் கைக்காசைப் போட்டுப் பள்ளி நடத்துகிறவர்கள். எங்கள் கேள்வி விருதின் அளவுகோலைப் பற்றியது. மொழி கற்பிப்பதில் எதைப் புதுமை என்கிறோம்? அதை யார் பார்த்துச் சொல்கிறார்கள்? எந்தப் பிள்ளையை வைத்து அளக்கிறார்கள்?

இந்தக் கேள்வி எங்களுக்கு வந்தது ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து.

சிவப்பு மை

சிதறால் பக்கத்தில் ஒரு குடியிருப்பில் நாங்கள் மாலை வகுப்பு நடத்துகிறோம். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள், கான்கிரீட் வேலைக்குப் போகிறவர்கள், அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கிறவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் வருவார்கள். ஒருநாள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பள்ளி நோட்டைக் கொண்டுவந்து மூலையில் மறைத்து வைத்தாள். வாங்கிப் பார்த்தோம். காலையில் செய்த வேலைகளைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் எழுதிய முதல் வரி: "நான் கிணற்றில் வெள்ளம் கோரினேன்."

வெள்ளத்தைச் சிவப்பு மையால் அடித்து மேலே 'தண்ணீர்' என்று எழுதியிருந்தது. கோரினேன் அடிபட்டு 'இறைத்தேன்' ஆகியிருந்தது. வகுப்பில் அந்த வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். கிணற்றில் வெள்ளம் வந்துவிட்டதா என்று கேட்டுப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள்.

விளவங்கோடு வட்டாரத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். பலாவுக்குச் சக்கை. மரவள்ளிக்கு மரச்சீனி. நினைவுக்கு ஓர்மை. குதித்தான் என்பதைச் சாடினான் என்போம். எல்லாச் சாதியாரும் பேசுகிற பேச்சுதான் இது. ஆனால் எல்லோர் வாயிலும் இது ஒரேபோல் தப்பாவதில்லை. வீட்டில் பத்திரிகை வாங்குகிற, அப்பாவும் அம்மாவும் படித்த பிள்ளை பள்ளிக்கு வரும்போதே இரண்டு பேச்சும் தெரிந்து வருகிறது. எங்கள் பிள்ளைக்குப் பாடப்புத்தகத் தமிழ் அறிமுகமாகிற முதல் இடமே வகுப்பறை. அந்த முதல் அறிமுகம் சிவப்பு மையும் சிரிப்புமாக அமைந்துவிடுகிறது.

இன்னொரு சொல்லையும் சொல்ல வேண்டும். எங்கள் பாட்டிமார் 'சொன்னான்' என்பதற்குப் 'பறைஞ்சான்' என்பார்கள். பறைதல் என்றால் சொல்லுதல், அறிவித்தல். பழந்தமிழில் உள்ள பொருள்தான். மலையாளத்தில் இன்றும் அதுவே அன்றாடச் சொல். ஒரு பையன் வகுப்பில் "அம்மா பறைஞ்சு" என்றதும் பின்னால் இருந்து யாரோ அவன் சாதிப்பெயரைச் சேர்த்துச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவன் வகுப்பில் வாய் திறப்பதில்லை என்று அவன் அம்மா வந்து சொன்னார். தேர்வில் அவனுக்கு 'வாய்மொழித் திறன் குறைவு' என்று குறிப்பு வந்தது.

மொழிப்பாடத்தில் பின்தங்கிய மாணவன் என்று நாம் சொல்கிறவர்களில் எத்தனை பேர் இப்படி வாய் அடைக்கப்பட்டவர்கள்? அந்த வாயைத் திறக்க வைப்பதுதான் மொழிக் கல்வியின் முதல் வேலை. அதைச் செய்கிற வழிதான் புதுமை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பள்ளி என்ற சொல் எங்கிருந்து வந்தது?

எங்கள் வகுப்பு நடக்கிற இடத்திலிருந்து பார்த்தால் சிதறால் மலை தெரியும். சுற்றுலா வருகிறவர்கள் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களைப் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். கல்வெட்டுகளில் இந்த மலைக்குத் திருச்சாரணத்து மலை என்று பெயர். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று இங்கே உண்டு. அரிட்டநேமி படாரர் என்ற ஆசானின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்தியார், இந்த மலையின் பெண் தெய்வத்துக்குப் பொன் அணி கொடுத்ததை அது பதிவு செய்கிறது. குரத்தி என்றால் பெண் குரு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னால், இந்தப் பாறையில் ஒரு பெண் ஆசிரியரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் யாரிடம் படித்தார் என்பதும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

சமணரும் பௌத்தரும் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர். அங்கே பாடமும் நடந்ததால்தான் படிக்கிற இடத்துக்கே அந்தப் பெயர் நிலைத்தது என்பார்கள். வேதம் கேட்கவே தடை இருந்த நாட்டில், மக்கள் மொழியில் சொல்லிக்கொடுத்த மரபிலிருந்து வந்த சொல் இது. பிள்ளைகளை மலைக்கு அழைத்துப்போனபோது இதைத்தான் சொன்னோம். வெள்ளம் என்று எழுதிய பிள்ளை கேட்டாள்: "அந்த டீச்சர் எங்கள மாதிரி பறைவாங்களா?" யாருக்குத் தெரியும்! ஆனால் அந்தக் கேள்வியை அவள் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுக் கேட்டாள். எங்களுக்கு அது போதும்.

முதலிடத்துக்குப் பின்னால்

கன்னியாகுமரி மாவட்டம் என்றால் கல்வி என்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். அதே கணக்கெடுப்பில் மாவட்டத்தின் பட்டியல் சாதி மக்கள்தொகை சுமார் 4 விழுக்காடு. மாநில அளவில் அது 20 விழுக்காடு. நூறில் நான்கு பேர் எப்படிப் படிக்கிறார்கள் என்பது மாவட்டச் சராசரியை அசைக்காது. அதனால் யாரும் தேடிப் பார்ப்பதும் இல்லை.

அந்த 4 விழுக்காடும் முழுக் கணக்கு இல்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்துவ தலித்துகள் இன்றுவரை வெளியேதான். இந்த மாவட்டத்தில் சாம்பவர், புலையர் சமூகங்களில் கிறித்துவர்களான குடும்பங்கள் ஏராளம். ஒரே தெருவில், ஒரே கூலி வேலை, ஒரே பேச்சு. ஒரு வீட்டுப் பிள்ளை பள்ளிப் பதிவேட்டில் பட்டியல் சாதி, அடுத்த வீட்டுப் பிள்ளை பிற்படுத்தப்பட்டோர். வகுப்பில் கேலி செய்கிறவன் இந்த ஆணையைப் படித்துவிட்டா கேலி செய்கிறான்? புள்ளிவிவரத்தில்தான் அந்தப் பிள்ளை காணாமல் போகிறது.

வரலாற்றில் இந்த மாவட்டத்தின் நவீனக் கல்வி எங்கே தொடங்கியது என்று பாருங்கள். மயிலாடியைச் சேர்ந்த சாம்பவர் மகாராசன் தஞ்சாவூர் போய், வேதமாணிக்கமாகத் திரும்பி வந்தார். அவர் கேட்டுக்கொண்டதால்தான் 1806இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி இங்கே வந்தார். பிறகு 1809இல் மயிலாடியில் தேவாலயம், அதை ஒட்டிப் பள்ளி, 1818க்குப் பிறகு மீட் ஐயர் காலத்தில் நாகர்கோவிலில் செமினரி, அச்சகம் என்று வளர்ந்தது. குமரியின் கல்விப் பெருமை பேசுகிற மேடைகளில் ரிங்கல்தௌபே பெயர் வரும், மீட் பெயர் வரும். அழைத்து வந்தவரின் பெயர் எத்தனை மேடைகளில் வருகிறது?

அப்போது விளவங்கோடு திருவிதாங்கூரில் இருந்தது. பக்கத்து நெய்யாற்றின்கரைப் பகுதியில், ஊருட்டம்பலத்தில், 1910 வாக்கில் அய்யன்காளி பஞ்சமி என்ற புலையர் சிறுமியின் கையைப் பிடித்துப் பள்ளிக்குள் அழைத்துப்போனார். ஆதிக்க சாதியினர் பள்ளியையே கொளுத்தினார்கள். பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று உழவுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திய போராட்டமும் அய்யன்காளி நடத்தியதுதான். இன்று அந்தப் பள்ளி அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. நூறாண்டு தாண்டி வந்த விருது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

கடைசிப் பிள்ளைக்குச் செய்தது எல்லோருக்கும் ஆனது

ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஏதோ சலுகை காட்டுவதாகவே பலர் நினைக்கிறார்கள். நடந்தது வேறு. அவர்களுக்காகக் கண்டுபிடித்த வழிகள்தான் பிறகு எல்லோருக்குமான கல்வி முறையாக வளர்ந்திருக்கின்றன.

1894இல் சென்னை அடையாறு ஊரூரில் கர்னல் ஆல்காட் தலித் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். சில ஆண்டுகளில் அது ஐந்து பள்ளிகளானது. பாட்டு, விளையாட்டு, கையால் செய்கிற வேலை, பேச்சிலிருந்து எழுத்துக்குப் போவது என்று ஐரோப்பாவிலிருந்து வந்த கிண்டர்கார்ட்டன் முறையை அங்கே நடத்திப் பார்த்தார்கள். எப்படிச் சொல்லிக்கொடுத்தோம் என்று அங்கே பணியாற்றிய கோர்ட்ரைட் அம்மையார் 1906இல் ஒரு நூலே வெளியிட்டார். சென்னையில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டிருந்த காலம் அது!

நம் காலத்துக்கு வருவோம். செயல்வழிக் கற்றல் உங்களில் பலர் படித்த முறை. ஆந்திராவில் ரிஷிவேலி பள்ளியைச் சுற்றியுள்ள கிராமங்களின் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பத்மநாப ராவும் ரமாவும் உருவாக்கிய அட்டை, ஏணி முறைதான் அதன் வேர். வேலூர் மாவட்டத்தில் கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளர்களுக்குக் கல்வி கொடுக்கும் பணியில் இருந்த எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ்., 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் அந்த முறையைத் தொடங்கினார். 2007–08இல் அது தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது.

அந்த வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். பெஞ்சு கிடையாது. பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். ஆசிரியரும் தரையில். கரும்பலகை பிள்ளைகள் எட்டுகிற உயரத்தில், ஆளுக்கு ஒரு கட்டம். எழுதியதும் வரைந்ததும் தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் தொங்கும். வட்டத்தில் கடைசி வரிசை ஏது? 'ஆளுக்கொரு இடம்' என்று சாதி பார்த்து உட்கார வைத்த வழக்கத்தை ஒரு பாய் கொஞ்சம் உடைத்தது. பின்னால் ஆசிரியர் பற்றாக்குறையும் அட்டைப் பற்றாக்குறையும் அந்த முறையை நைந்துபோக வைத்தன. அது வேறு கதை. ஆனால் மீட்கப்பட்ட கொத்தடிமைப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அனுபவம், ஒரு மாநிலத்தின் வகுப்பறையையே மாற்றியதற்குப் பின்னால் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

1990களின் அறிவொளி இயக்கமும் அப்படித்தான். புதுக்கோட்டையில் கல்குவாரிப் பெண்கள் எழுத்துக் கற்றுக்கொண்டே சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். சம்பளம் இல்லாத தொண்டர்கள், அரிக்கேன் விளக்கு, தெரு நாடகம். தேசிய எழுத்தறிவு இயக்கத்துக்கு 1999இல் யுனெஸ்கோவின் நோமா விருது கிடைத்தது. விருது டெல்லிக்குப் போனது. விளக்கு பிடித்தவர்கள் வயலுக்குப் போனார்கள்.

விண்ணப்பப் படிவம் யாரைக் கேட்கிறது?

தேசிய நல்லாசிரியர் விருது 1958இல் தொடங்கியது. 2018இல் விதிகளை மாற்றினார்கள். முந்நூறுக்கும் மேல் இருந்த எண்ணிக்கை ஐம்பதுக்கும் கீழே வந்தது. ஆசிரியர் தானே இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்றானது. இதில் ஒரு நன்மை உண்டு. தலைமையாசிரியரின், அதிகாரியின் தயவு முதல் படியிலேயே தேவையில்லை. ஒரு தலித் ஆசிரியருக்கு அது சின்ன விஷயமில்லை.

ஆனால் விண்ணப்பத்தோடு புகைப்படம், காணொளி, அறிக்கைகள் கொண்ட ஒரு தொகுப்பை ஏற்ற வேண்டும். மாவட்டக் குழு, மாநிலக் குழு, தேசிய நடுவர் குழு என்று மூன்று படி. கடைசியில் ஆசிரியர் நடுவர்களுக்குத் தன் வேலையை விளக்கிக் காட்ட வேண்டும். நன்றாகப் படம் எடுக்கத் தெரிந்தவர், நன்றாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவர் முன்னால் வருவார். வாய் திறக்காத பையன் மூன்று மாதம் கழித்து ஒருநாள் வாய் திறந்ததை எந்தக் காணொளியில் காட்டுவது? ஸ்மார்ட் போர்டு படத்தில் நன்றாக விழும். வட்டமாக உட்கார்ந்தவர்களில் யார் பக்கத்தில் யார் என்பது படத்தில் விழாது.

அடுத்தது, குறைந்தது பத்தாண்டு முறையான பணி வேண்டும். ஒப்பந்த ஆசிரியர்களுக்குத் தகுதி இல்லை. இல்லம் தேடிக் கல்வியை நினைத்துப் பாருங்கள். கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்த பிறகு 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம். சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. எழுத்து மறந்துபோன பிள்ளைகளுக்கு வீட்டுத் திண்ணையில், கோயில் முற்றத்தில், மரத்தடியில் மறுபடி எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். நம் குடியிருப்புகளில் முதல் பட்டதாரியான அக்காமார் பலர் அதில் இருந்தார்கள். பிள்ளை பேசுகிற பேச்சு அவர்களுக்கு அந்நியமில்லை. மொழி கற்பிப்பதில் இதைவிடப் பெரிய தகுதி என்ன? ஆனால் விருதின் கண்ணில் அவர்கள் ஆசிரியரே இல்லை.

நண்பர் ஒருவர் எங்களையும் ஒரு விருதுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். படிவத்தைத் திறந்தோம். பள்ளியின் எண் கேட்டது, பணி ஆண்டு கேட்டது. நாங்கள் பள்ளி இல்லை. எங்களில் யாரும் பணியில் இல்லை. மூடிவிட்டோம். அதில் வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் எங்களுக்குத் தெரிந்த ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை விண்ணப்பிக்காததில் வருத்தம் உண்டு. அவர் பிள்ளைகளை மாற்றி மாற்றி உட்கார வைத்தார். வீட்டுச் சொற்களைக் கரும்பலகையில் எழுத வைத்து, பக்கத்தில் புத்தகச் சொல்லை எழுதினார். இரண்டு ஆண்டில் எங்கள் பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கினார்கள். ஆனால் உட்காரும் இடம் மாறியது பிடிக்காத சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்தது. எண்ணிக்கை குறைந்த பள்ளியின் ஆசிரியர் விருதுக்கு எந்த முகத்தோடு விண்ணப்பிப்பது என்று கேட்டார். எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்திருந்தால் அவர் எழுதியிருப்பார்.

ஐரோப்பாவில் 1990களின் இறுதியிலிருந்து ஐரோப்பிய மொழி முத்திரை என்ற ஒரு விருது உண்டு. மொழி கற்பிக்கும் புதுமையான திட்டங்களை ஒவ்வொரு நாடும் தேர்ந்தெடுத்து முத்திரை கொடுக்கிறது. அது தனி ஆளைவிடத் திட்டத்தைப் பார்க்கிறது. குழந்தைகள் பள்ளி, முதியோர் வகுப்பு என்று எந்த வயதினருக்கான வேலையும் போட்டியிடலாம். இன்னொரு இடத்தில், இன்னொரு மொழிக்கு அந்த முறையை எடுத்துச் செல்ல முடியுமா என்று ஒரு கேள்வியும் அதன் அளவுகோலில் உண்டு. அவர்கள் சமூகத்திலும் கடைசி வரிசைகள் உண்டு. அதை வானத்தில் தூக்கி வைக்கச் சொல்லவில்லை. ஒரு விருதின் கேள்விகளை மாற்றினால் விடை எழுதுகிறவர்களும் மாறுவார்கள் என்பதற்காகச் சொல்கிறோம்.

தரப்படுத்திய தமிழ் வேண்டாமா?

இங்கே ஒரு மறுப்பு வரும். "வீட்டுப் பேச்சையே எழுதிக்கொண்டிருந்தால் பிள்ளை டி.என்.பி.எஸ்.சி. எழுதுவது எப்படி? ஆங்கிலம் படிப்பது எப்போது?" நியாயமான கேள்வி. நம் அம்மாமாரே கேட்கிறார்கள். 2012–13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கியபோது நம் மக்கள் ஆர்வமாகச் சேர்த்ததும் இதனால்தான்.

எங்கள் பதில் தெளிவானது. பாடப்புத்தகத் தமிழும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும், முழுசாக வேண்டும். எழுத்துத் தமிழ் அதிகாரத்தின் மொழி. மனு எழுதவும் சட்டம் படிக்கவும் அது வேண்டும். ஆனால் அதற்குப் போகிற பாதை வீட்டுவாசலில் இருந்துதான் தொடங்க முடியும். 'வெள்ளம்' தப்பு என்று அடிப்பதற்கும், "நம் ஊரில் வெள்ளம், புத்தகத்தில் தண்ணீர், ஆங்கிலத்தில் வாட்டர், மூன்றும் எழுது" என்று சொல்வதற்கும் உள்ள தூரம்தான், பள்ளியை விட்டு ஓடுகிற பிள்ளைக்கும் தங்குகிற பிள்ளைக்கும் உள்ள தூரம். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 29ஆவது பிரிவு, இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. அச்சமின்றிக் கற்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். தாய்மொழியே அச்சம் தருகிற இடத்தில் சட்டம் பாதிதான் நடக்கிறது.

நாடெங்கும் மும்மொழியா இருமொழியா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தித் திணிப்பை நாமும் எதிர்க்கிறோம். அந்தக் கூட்டத்திலேயே நின்று இதையும் கேட்போம்: எங்கள் தெருவில் பேசுகிற தமிழ் உங்கள் தமிழில் சேர்ந்ததா?

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. தலித் பெண்ணின் வாய்மொழியிலேயே எழுதிய நூல். அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2000இல் கிராஸ்வேர்டு விருது கிடைத்தது. அதே மொழியில் ஒரு பிள்ளை தேர்வில் எழுதினால் இன்றும் சிவப்பு மைதான். ஆங்கிலத்துக்குப் போனால் விருது, வகுப்பறைக்குப் போனால் அடி. இந்தக் கணக்கை யாராவது எங்களுக்கு விளக்குங்கள்.

நாங்கள் கேட்பது

விருதை ஒழிக்கச் சொல்லவில்லை. மாற்றச் சொல்கிறோம்.

ஒன்று, ஆளுக்கு மட்டுமின்றிக் குழுவுக்கும் விருது கொடுங்கள். ஒப்பந்த ஆசிரியர், தன்னார்வலர், மாலை வகுப்பு நடத்தும் அக்கா எல்லோரும் அதில் வரட்டும்.

இரண்டு, காணொளியை மட்டும் பார்க்காதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வாருங்கள். கடைசி வரிசையில் உட்காருங்கள். உங்கள் பக்கத்தில் இருக்கிற பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

மூன்று, பட்டியல் சாதி, பழங்குடி, கிறித்துவ தலித் பிள்ளைகளின் வாசிப்பு எவ்வளவு முன்னேறியது என்று தனியாகக் கேளுங்கள். சராசரி போதாது.

நான்கு, நடுவர் குழுவில் தலித், பழங்குடி ஆசிரியர்களும் பெற்றோரும் இருக்கட்டும். 2023இல் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வையுங்கள் என்று அது சொன்னது. அந்தப் பரிந்துரைகளைத் தானாக நடைமுறைப்படுத்திய ஆசிரியருக்கு விருதில் தனி மதிப்பெண் உண்டா?

ஐந்து, விருது பெற்ற முறையை அடுத்த ஆண்டே ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் நடத்திப் பார்க்க நிதி ஒதுக்குங்கள். தமிழ்நாட்டில் அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்போம் என்று 2023–24 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபோது பெரிய விவாதம் நடந்தது. எந்தத் துறை என்பதைவிட, எந்தத் துறையின் நல்ல முறை அங்கே போகிறது என்பதைக் கேட்போம்.

மாணவத் தோழர்களே, இதற்கெல்லாம் டெல்லி பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் வீட்டுச் சொல், வலது பக்கம் புத்தகச் சொல். பிள்ளைகளைப் பாட்டிமாரிடம் அனுப்புங்கள். எங்கள் வகுப்பில் அந்த நோட்டு நிரம்பி இரண்டாவது தொடங்கிவிட்டது. வாய் திறக்காத பையன்தான் அதிகச் சொற்கள் கொண்டுவந்தவன். அவன் பாட்டி நடவு நட்டவர். அவரிடமிருந்து வந்த சொற்களில் பலவற்றுக்கு வலது பக்கத்தில் எழுத எங்களுக்கே சொல் கிடைக்கவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

கடைசியாக ஒரு செய்தி. சாவித்திரிபாய், ஜோதிராவ் பூலே நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே, மாங் சாதிச் சிறுமி. 1855இல், பதினான்கு வயதில், மகர், மாங் மக்களின் துயரைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை அச்சேறியது. பூலே பள்ளிகளின் மொழிக் கல்விக்கு அதைவிடப் பெரிய சான்று வேறு தேவையில்லை. பள்ளி விழாவில் மேஜர் கேண்டி பரிசு கொடுக்க வந்தபோது, எங்களுக்கு இனிப்பு வேண்டாம், நூலகம் கொடுங்கள் என்று அவள் கேட்டதாகச் சொல்வார்கள்.

வெள்ளிப் பதக்கத்தோடு வருகிறவர்களிடம் நம் பிள்ளைகளும் அதையே கேட்கட்டும். கேட்கிற மொழி எதுவானாலும் சரி. வெள்ளம் என்றாலும் தாகம் தீரும்.

ஜெய் பீம்.